ஆடு தாண்டும் காவிரி முதல் ஒகேனக்கல் வரை: ஆற்றையும் அதன் கரையையும் காக்கக் கோரும் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வனத்துறைச் செயலாளர், தலைமை வன உயிரினக் காப்பாளர், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள்.

பொருள்: காவிரி மலையிடுக்கின் கரை நிலங்களைப் பாதுகாப்பதும், பொதுமக்கள் ஆற்றை அடையும் வழிகளை உறுதிசெய்வதும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்த பிறகு காவிரி மலைகளுக்கு நடுவே புகுந்துவிடுகிறது. சங்கமத்தில் அர்க்காவதியைச் சேர்த்துக்கொண்டு, நாம் ஆடு தாண்டும் காவிரி என்றும் கன்னட மக்கள் மேகதாது என்றும் சொல்லும் இடத்தில், பாறைகளுக்கிடையே சில மீட்டர் அகலத்தில் நெருங்கிப் பாய்கிறது. அதற்குக் கீழே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறே இரு மாநிலங்களின் எல்லை. இடக்கரையில் நம்முடைய அஞ்செட்டி, உரிகம் காடுகள். வலக்கரையில் கர்நாடகத்தின் காவிரி வன உயிரினச் சரணாலயம். ராசிமணலையும் பிலிகுண்டுலுவையும் கடந்து, ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து பாறைப் பிளவுகளில் விழுந்து, மறுபடி ஒன்றாகி மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. மேட்டூருக்குக் கீழே காவிரி வயலுக்கும் ஊருக்கும் உரிய ஆறு. தமிழ்நாட்டைத் தொட்டு ஓடும் அதன் பாதையில் இரு கரையிலும் காடு தொடர்ந்து நிற்கும் பகுதி இந்த மலையிடுக்கு மட்டுமே.

பென்னாகரம் வட்டத்தில் பிறந்து, இந்த ஆற்றின் நீரையே குடித்து வாழும் ஒருவனாக இதை எழுதுகிறேன். நான் கேட்பது இரண்டு. ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதே என் வேண்டுகோளின் அடிப்படை. ஆற்றைக் காக்க வேண்டுமானால் அதன் கரையிலும் சரிவிலும் உள்ள நிலத்தைக் காக்க வேண்டும். அந்த நிலம் நிலையாகக் காக்கப்பட வேண்டுமானால், பொதுமக்கள் முறையாக அங்கே வந்துபோகும் வழி சட்டப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டால் காடு ஆளில்லாத காடாகி, திருடனுக்கு வசதியாகிவிடும். இரண்டாவதை மட்டும் செய்தால், ஒகேனக்கல்லில் விடுமுறை நாட்களில் இன்று நாம் காணும் நெரிசலும் குப்பையும் மேல்நோக்கிப் பரவும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று தமிழ்நாடு அரசு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தை அறிவித்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காப்புக்காடுகளை உள்ளடக்கிய இது மாநிலத்தின் 17ஆவது சரணாலயம். ஏற்கனவே இருந்த 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்குச் சரணாலயத்தையும், அக்கரையில் உள்ள கர்நாடகச் சரணாலயத்தையும் இது இணைத்தது. அதன் வழியே மாதேஸ்வரன் மலை, பிலிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம், நீலகிரி என்று காடு அறுபடாமல் தொடர வாய்ப்பு ஏற்பட்டது. கோடையில் தண்ணீர் தேடி ஆற்றைக் கடக்கும் யானைக் கூட்டத்துக்கு மாநில எல்லை என்று ஒன்று கிடையாது; அந்த உண்மையை ஓர் அரசாணை ஏற்றுக்கொண்டது சிறிய செய்தி அல்ல. அந்த முடிவுக்காக உழைத்த அலுவலர்களுக்கு இந்த மாவட்டங்களின் மக்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் சரணாலயத்தின் எல்லை காப்புக்காட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் நலமோ அங்கே நிற்பதில்லை. காடு முடிந்து ஊர் தொடங்கும் இடங்களிலும், ஒகேனக்கல்லையும் ஊட்டமலையையும் சுற்றிலும், சின்னாறு வந்து காவிரியில் கலக்கும் பகுதியிலும் பட்டா நிலமும் புறம்போக்கும் கலந்து கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்த மானாவாரி நிலங்கள். மழை பொய்த்தும், காட்டுப்பன்றியும் யானையும் மேய்ந்தும் வருமானம் தராமல் போன நிலத்தை ஒரு குடும்பம் எத்தனை காலம் வைத்திருக்கும்? ஓசூர் வளர்ந்துகொண்டே வருகிறது. பெங்களூரு சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. 'ஆற்றைப் பார்த்த நிலம்' என்று விளம்பரம் செய்தால் வாங்க ஆள் வராமல் இருக்காது. நிலம் கைமாறியதும் முதலில் முள்வேலி வரும். அடுத்து, மாட்டுக்கும் மனிதருக்கும் தலைமுறைகளாகப் பொதுவாக இருந்த ஆற்றுத்தடம் அடைபடும். பிறகு ஆழ்துளைக் கிணறும், இரவு முழுதும் எரியும் விளக்கும், கழிவுநீர்க் குழாயும் வந்து சேரும். சரணாலயச் சட்டத்தை ஒரு வரிகூட மீறாமலே மலையிடுக்கின் ஓரத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிட முடியும் என்பதுதான் என் கவலை.

இந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆற்றை ஒட்டிய குறுகிய பட்டையில் நீர்மருதும் நாவலும் புளியும் புங்கனும் அடர்ந்து நிற்கின்றன. பத்தடி மேலே ஏறினாலே முள்ளும் புதருமான வறண்ட காடு தொடங்கிவிடும். சாம்பல் நிற மலை அணிலுக்கு அந்தப் பச்சைப் பட்டைதான் வீடு. அது மரத்துக்கு மரம் கிளைவழியே தாவிப் போவதால், கரையில் நான்கு மருதமரங்கள் வெட்டப்பட்டால் அதன் பாதை அங்கேயே அறுந்துபோகும். ஆற்றுக்குள் சதுப்புநில முதலையும், லெய்த் மென்னோட்டு ஆமையும் வாழ்கின்றன. முதுகில் திமில் போன்ற மேட்டோடு வளரும் மஷீர் மீன் உலகத்தில் காவிரி வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள மீன்களின் பட்டியலில் 2018இல் அது சேர்க்கப்பட்டது. ஓடும் நீரும், ஆழமான மடுவும், கூழாங்கல் படுகையும் வேண்டிய மீன் அது. நின்ற நீரில் அதற்கு வாழ்வில்லை.

கோடையில் நீர் வடிந்த பின் மணல்திட்டுகளில் காலையில் நடந்தால், ஈர மணலில் ஐந்து விரலும் விரலிடைத் தோலும் பதிந்த நீர்நாய்த் தடங்களைப் பார்க்கலாம். ஆற்றைப் பார்த்த தட்டைப் பாறையில் அவை எப்போதும் ஒரே இடத்தில் எச்சமிடும். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் கலைத்துப் பார்த்தால் மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும் உதிரும். அந்தப் பாறைகள் தலைமுறை தலைமுறையாக நீர்நாய்க் குடும்பங்கள் பயன்படுத்துபவை. இரவில் அவற்றின்மேல் மின்விளக்கு வெளிச்சம் விழத் தொடங்கினால், மனிதர் யாரும் கல் எறியாமலே அவை அந்த இடத்தை விட்டுப் போய்விடும். வன அலுவலர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அல்ல. நிலப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போடும் வருவாய்த் துறையினரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாறைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒகேனக்கல்லில் உள்ள கார்பனடைட் பாறைகள் (கார்பனேட் கனிமங்கள் மிகுந்த, உருகிய குழம்பு இறுகி உருவான பாறைகள்) ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவ்வகைப் பாறைகளில் உலகின் மிகப் பழையவற்றுள் வைத்து எண்ணப்படுபவை. திருவக்கரைக் கல்மரங்களும் சாத்தனூர்க் கல்மரமும் பரங்கிமலையின் சார்னகைட் பாறையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. அதே மதிப்பைக் கோரும் பாறைகளின்மீது இங்கே எண்ணெய்க் குளியலின் பிசுக்கும் ஷாம்பு உறைகளும் கழற்றிப் போட்ட பழந்துணியும் அப்பிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இந்தப் பாறைகளுக்கு அத்தகைய அறிவிப்பைக் கோரி மாநில அரசு முறைப்படி எழுத வேண்டும்.

நிலத்தைக் காப்பதற்கான கருவி நம் சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இரண்டு வகைக் காப்பகங்களை அனுமதிக்கிறது. சரணாலயத்தை ஒட்டிய அரசு நிலத்தை, அங்கு வாழும் மக்களைக் கலந்தாலோசித்துப் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கலாம் என்கிறது 36அ பிரிவு. தனியாரோ ஒரு சமூகமோ தாமாக முன்வந்து தம் நிலத்தைக் காக்க விரும்பினால் அதைச் சமுதாய ஒதுக்ககமாக அறிவிக்கலாம் என்கிறது 36இ பிரிவு. இந்த இரண்டாவது வகையில் நிலத்தின் உடைமை மாறுவதில்லை. பட்டா உழவரின் பெயரிலேயே இருக்கும். ஆனால் அறிவிப்புக்குப் பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால், ஊராட்சியின் பிரதிநிதிகளும் வனத்துறையினரும் அடங்கிய மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அதாவது கேழ்வரகு விதைக்கத் தடையில்லை. மாளிகை எழுப்பத்தான் தடை.

அரசு நிலத்தில் இது நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே முன்னோடி. தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றிய மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊர் மக்களே காத்து வந்தார்கள். 2005இல் அந்த இடம் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அந்த நிலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் அளவு அல்ல, அது எங்களுடையது என்று ஓர் ஊர் நினைத்ததுதான். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும் அதையே சொல்கிறது. 2022இல் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படி அறிவித்த பின்னும், அந்த இடத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் நடந்தது. 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதற்குச் சுற்றுவட்டார ஊர்மக்கள் தொடர்ந்து தெருவில் நின்றதே முதற்காரணம். அரசாணை காக்காத நேரத்தில் அங்கே நடந்து பழகிய கால்கள் காத்தன.

எனவே பென்னாகரம், அஞ்செட்டி வட்டங்களில் ஆற்றையும் அதில் சேரும் ஓடைகளையும் ஒட்டிய நிலங்களை வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து அளந்து, எது காப்புக்காடு, எது ஆற்றுப் புறம்போக்கு, எது பட்டா என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். புறம்போக்கு நிலங்களைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக்குங்கள். பட்டாதாரர்களில் விருப்பமுள்ளவர்களைச் சமுதாய ஒதுக்ககத்துக்கு அழையுங்கள். அப்படி வருபவர்களுக்குப் பயிர்ச்சேத இழப்பீட்டில் முன்னுரிமையும், ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புத் தொகையும் கொடுங்கள். விற்றே ஆக வேண்டிய நெருக்கடியில் உள்ளவரிடமிருந்து சந்தை விலை கொடுத்து அரசே வாங்கிக்கொள்ளட்டும். கட்டாயக் கையகப்படுத்தல் என்ற பேச்சே வேண்டாம். காடு என்ற பெயரில் நிலம் போய்விடும் என்ற அச்சம் எங்கள் ஊர்களில் மிக ஆழமானது, அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு; அந்த அச்சம் ஒருமுறை கிளம்பிவிட்டால் எந்த நல்ல திட்டமும் கிராம சபையைத் தாண்டாது.

அடுத்து, மக்கள் வந்துபோகும் உரிமை. இதில்தான் உங்கள் துறைக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு அதிகம் என்பதை அறிவேன். காட்டுக்குள் மனிதர் நுழையாமலிருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட கேடுகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தக் காட்டின் அண்மைக்கால வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. வீரப்பன் இருந்த காலத்தில் பொதுமக்கள் இந்த மலைகளுக்குள் போகவே அஞ்சினர். அந்த ஆளரவமற்ற ஆண்டுகளில்தான் சந்தனமும் யானைத் தந்தமும் கொள்ளை போயின. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவர் கொல்லப்பட்ட பிறகும், ஆற்றில் வெடிவைத்து மீன்பிடிப்பவர்கள் பார்வையாளர் இல்லாத மடுக்களைத்தான் தேடிப் போகிறார்கள். ஆற்றின் மேற்பகுதியில், கர்நாடகத்தில், பீமேஸ்வரி போன்ற முகாம்களில் ஒரு காலத்தில் தூண்டில்காரர்கள் மஷீரைப் பிடித்து எடை பார்த்து உயிரோடு திரும்ப ஆற்றில் விடுவார்கள். உள்ளூர் மீனவர்கள் அவர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தார்கள். சரணாலய விதிகளின்படி அது நிறுத்தப்பட்டது. அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அந்த வழிகாட்டிகளின் கண்கள் நாள்தோறும் ஆற்றின்மேல் இருந்தன, அந்தக் கண்களுக்கு மாற்றாக இன்று என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

எங்கள் கரையில் அந்தக் கண்கள் பரிசல்காரர்களுடையவை. மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னி, அடியில் சாக்கும் தாரும் பூசிய பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, ஓர் அருவியின் மேற்பாறையிலிருந்து கீழ்த்துறைக்கு இறங்கும் மனிதரைப் பார்த்தவர்கள் அறிவார்கள், ஆற்றின் ஒவ்வொரு சுழியும் அவருக்கு எப்படித் தெரியும் என்பதை. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் கனஅடியைச் செய்தியில் கேட்பதற்கு முன்பே, தண்ணீரின் நிறத்தையும் அதில் மிதந்துவரும் சருகையும் பார்த்து நீர்வரத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நீர்வரத்து உயர்ந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வருகிறது, அது சரியானதே. ஆனால் தடை வாரக்கணக்கில் நீளும் ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் முழுவதும் நின்றுவிடுகிறது. அந்த நாட்களில் அவர்களை ஆற்றுக் காவலர்களாக ஊதியத்துக்கு அமர்த்துங்கள். கரையை ஒட்டி நடந்து வெடிமீன்பிடிப்பையும் மணல் அள்ளுவதையும் மரம் வெட்டுவதையும் தெரிவிக்கவும், வடிந்த நீர் விட்டுச்சென்ற குப்பையைப் பாறையிடுக்குகளிலிருந்து எடுக்கவும் அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை.

நடைபாதைகள் குறித்தும் துறைக்கு அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறையே திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, நாளொன்றுக்கு வரையறுத்த எண்ணிக்கை, தீ அபாயமுள்ள மாதங்களில் மூடுதல் ஆகிய அதே முறையில் மலையிடுக்கின் மேல்விளிம்பில் ஒன்றிரண்டு பாதைகளைத் திறக்கலாம். ஆற்றுப்படுகைக்குள் இறங்காமல், மேலிருந்து பார்க்கும் பாதையாக இருந்தால் போதும். சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 28ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. வழிகாட்டிகளாக இருளர் குடும்பங்களின் இளைஞர்களுக்கு முதல் இடம் கொடுங்கள். பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். தருமபுரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்தும், காவிரி எந்த மலைகளுக்குள்ளிருந்து தங்கள் குழாய்க்கு வருகிறது என்று பார்த்திராத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறையும், நடுவயதிலேயே வளையாத முதுகும் முழங்காலுமாக ஒரு தலைமுறை அதைச் சுமந்தது. ஜப்பான் நிதியுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கு விடையாக வந்தது. இரு மாவட்டங்களின் மக்கள் இன்று குடிப்பது இந்த மலையிடுக்கு வழியாக வரும் நீரைத்தான். ஆகவே கரை நிலத்தைக் காப்பது விலங்குகள் மீதான பரிவு மட்டும் அல்ல. நீரெடுக்கும் இடத்துக்கு மேலே ஒரு கழிவுநீர்க் குழாய்கூட ஆற்றில் திறக்காதபடி பார்ப்பது எங்கள் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிய விஷயம்.

பழைய உரிமைகளும் எழுத்தில் வர வேண்டும். ஆடிப்பெருக்கன்று தலைமுழுக வருபவர்கள், ஆடி அமாவாசைக்கு முன்னோருக்கு நீர்க்கடன் செய்ய வருபவர்கள், காட்டுக்குள் குலதெய்வம் உள்ள குடும்பங்கள், தூண்டிலும் வலையும் கொண்டு பிழைப்பவர்கள், பட்டி மாடு வைத்திருப்பவர்கள் ஆகியோர் சரணாலய அறிவிப்புக்குப் பிறகு சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரின் மனநிலையைப் பொறுத்து உள்ளே போகவோ திரும்பவோ நேரக் கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மீன்பிடிப்பையும் மேய்ச்சலையும் சமூக உரிமைகளாகவே கருதுகிறது. சரணாலயத்துக்குள் ஏற்கனவே உள்ள உரிமைகளைத் தொடர அனுமதிக்க மாவட்ட ஆட்சியருக்கு வன உயிரினச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் இடம் தருகிறது. ஆலாம்பாடி மாடுகளை எண்ணிப் பாருங்கள்: இந்த ஆற்றங்கரைக் காடுகளில் பட்டி போட்டு வளர்த்ததால் உருவான இனம் அது. அந்த இனத்தைக் காக்க ஒரு துறை செலவு செய்யும்போது, அதை வளர்ப்பவரை மற்றொரு துறை காட்டு ஓரத்திலிருந்து விரட்டுவது முறையாகாது. எந்தப் பகுதியில், எந்த மாதங்களில், எத்தனை மாடுகள் என்று ஊராரோடு உட்கார்ந்து முடிவு செய்தால் காடும் தாங்கும், மாடும் பிழைக்கும்.

ஒகேனக்கல்லைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் சுருக்கமானது. வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து அரசே சிற்றுந்து இயக்கட்டும். ஷாம்பு, சோப்பு உறைகளையும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியையும் நுழைவிலேயே தடுத்து, எண்ணெய்க் குளியலுக்கு ஆற்றிலிருந்து விலகிய, கழிவுநீர் வடிகட்டும் வசதியுள்ள இடம் ஒதுக்கட்டும். மீன் வறுக்கும் கடைக்காரர்களையும் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களையும் அப்புறப்படுத்தி அழகு பார்க்க வேண்டாம்; அவர்கள் இல்லாத ஒகேனக்கல் எங்களுக்கு ஒகேனக்கல் ஆகாது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு கரை நிலப் பாதுகாப்புக்கென்று தனிக் கணக்கில் சேர்ந்து, அதன் வரவுசெலவு ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்.

கடைசியாக, பலர் தவிர்க்க விரும்பும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணைக்கான கர்நாடகத்தின் திட்டம் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் காட்டையும் சரணாலய நிலத்தையும் நீரில் மூழ்கடிக்கும். தமிழ்நாடு அதை எதிர்ப்பது டெல்டாவின் நீருரிமைக்காக. அந்த எதிர்ப்பில் நானும் நிற்கிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரைப் பிலிகுண்டுலுவில் தர வேண்டும் என்று வரையறுத்த பிறகும், ஒவ்வொரு ஆண்டும் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் உழவரின் பதற்றம் எனக்குப் புரியும். அதே பதற்றத்தில்தான் ராசிமணலில் நாமே ஓர் அணை கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் எழுகிறது. அதை எழுப்பும் விவசாயிகள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் ராசிமணலில் தேங்கும் நீரும் இதே மலையிடுக்கின் மடுக்களையும் மருதமரங்களையும் யானைத் தடங்களையும்தான் மூடும். அக்கரை அணை காட்டை அழிக்கும், இக்கரை அணை அழிக்காது என்று எந்த நீதிமன்றத்திலும் நம்மால் வாதிட முடியாது. மலையிடுக்கு முழுவதும் எந்த அணைக்கும் உரியதல்ல என்று தமிழ்நாடு தன் கரையில் முதலில் எழுதிவைத்தால், மேகதாதுவுக்கு எதிரான நம் வாதமும் அதனால் வலுப்பெறும். கரை நிலங்களை ஒதுக்ககமாக அறிவிப்பது அந்த எழுத்துக்கு முதல் சான்றாக அமையும்.

இவற்றைச் செயல்படுத்த, இரு மாவட்ட நிர்வாகங்களும் வனத்துறையும் சேர்ந்து பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் வரும் ஆடிப்பெருக்குக்கு முன்பாகத் தலா ஒரு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டாதாரர்கள், பரிசல்காரர்கள், மீனவர்கள், மாடு வளர்ப்பவர்கள், இருளர் குடியிருப்புகளின் பெண்கள் ஆகியோருக்கு அழைப்பு எழுத்தில் போக வேண்டும். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே நில அளவை வரைபடங்கள் ஊராட்சி அலுவலகங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கர்நாடகத்தின் சாமராஜநகர், பெங்களூரு தெற்கு (முன்பு ராமநகர) மாவட்ட வன அலுவலர்களையும் பார்வையாளர்களாக அழையுங்கள். தண்ணீரில் நமக்குள் வழக்கு இருக்கலாம். யானை கடக்கும் துறைகளையும் வெடிமீன்பிடிப்பையும் பற்றிப் பேச அந்த வழக்கு தடையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை, பென்னாகரம் வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பென்னாகரம் வட்டத்துக் குடிமகன்